ஊட்டியில் பழங்காசு வாங்குவோர் கவனத்துக்கு

தைலம், வர்க்கி, சாக்லேட், டீத்தூள் என்று நாலு சாமான் வாங்காமல் ஊட்டியிலிருந்து யாரும் மலை இறங்குவதில்லை. ஐந்தாவதாக ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி காசும் வாங்கியே தீருவது என்று கிளம்புகிறவர்களுக்காக எழுதியது இது. வாங்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். ஏமாறுவது என்று ஆனபிறகு அதை முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நேரம். காலை பத்து மணி வெயிலில் காசு வாங்கக் கூடாது. வெயிலில் பித்தளை பித்தளையாகவே தெரியும். மாலை ஐந்தரைக்கு மேல், மேகம் தெருவுக்கு இறங்கி, வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, குழந்தை மக்காச்சோளத்துக்கு அழுதுகொண்டிருக்கும் வேளைதான் முகூர்த்தம். பெயர்ப்பலகை, பில் புத்தகம் இருக்கிற கடைப் பக்கம் போகவே வேண்டாம். நடைபாதையில் விரித்த துணியில் திசைகாட்டி, பித்தளைத் தொலைநோக்கி, சாவிக்கொத்து, தைல பாட்டில் இவற்றுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு காசுகள் கிடக்கும். எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கீறல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். இருக்கும். இருநூறு வருடம் வெவ்வேறு மடிகளில் புழங்கிய காசுகள் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் கீறல் பட்டிருப்பதை அந்தக் காலத்து ஒற்றுமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு எடுக்க வைத்த தாய்க்காசில் கீறல் இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அது வந்துவிடும் என்பது தெரிந்தவர்களை உடன் அழைத்துப்போக வேண்டாம்.

எந்தக் காசை எடுப்பது? யோசிக்கவே வேண்டாம். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், கீழே கைகூப்பிய அனுமார். மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818. சிலவற்றில் தாமரை, சிலவற்றில் ஓம், சிலவற்றில் சஞ்சீவி மலையோடு பறக்கும் அனுமார் மட்டும். லண்டன் லெடன்ஹால் தெருவில் உட்கார்ந்து லாப நஷ்டக் கணக்குப் பார்த்த ஒரு வியாபார நிறுவனத்துக்கு இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் அந்தக் காசு இன்றைக்கும் நடக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் கூட வந்த விவரமானவர் ஒருவர், “கம்பெனி சாமி படம் போட்டுக் காசு அடிச்சதே கிடையாது” என்பார். அவர் சொல்வதும் தப்பு. சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகன்களில் திருமால் உண்டு. தேவிமார் இருவரோடு நிற்கிற காசுக்கு மூன்று சுவாமி வராகன் என்றே பெயர். 1807, 1808 வாக்கில் அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. கம்பெனிக்குப் பக்தி வந்துவிடவில்லை. தென்னாட்டு ஜனங்கள் வராகனில் சாமியைப் பார்த்துப் பழகியவர்கள், சாமி இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள். ஆக, கம்பெனி நிஜமாகவே சாமி போட்டது. ஆனால் போலி அடிக்கிறவர் அந்தச் சாமியை விட்டுவிட்டு வேறு சாமியைப் பிடித்தார். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ராமடங்கா என்கிற வில்லைகள் வடக்கே பூஜைக்காக வெகுகாலமாக உண்டு. அவற்றைச் செல்லுபடியாகிற காசு என்று யாரும் சொன்னதில்லை. அந்த முகத்தை ஒரு பக்கமும் கம்பெனியின் பெயரை மறுபக்கமும் ஒட்டியதுதான் இந்த 1818.

வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிறவர் அதைத்தான் விரலால் தேய்த்துத் தேய்த்துக் காட்டுவார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தது 1819 ஜனவரியில். அதற்கு முந்தின வருஷம் அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கல் பங்களா கட்டியது 1822இல். தேயிலை தோட்டம் தோட்டமாகப் பரவிய காலத்தில் கம்பெனி ஆட்சியே முடிந்திருந்தது. ஆகவே, “தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மா கண்டெடுத்தது, அந்தக் காலத்தில் கம்பெனி கூலியாகக் கொடுத்தது” என்று சொல்லப்பட்டால் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். 1818இல் இங்கே எஸ்டேட்டும் இல்லை, கொழுந்தும் இல்லை, கூலி கொடுக்கத் துரையும் இல்லை. காசு மட்டும் முன்கூட்டியே வந்து காத்திருந்திருக்கிறது.

இதில் என் வருத்தம் ஒன்று. 1818க்கு நிஜமாகவே ஒரு பெருமை இருக்கிறது, போலி அடித்தவருக்கு அது தெரியாது. அதுவரை வராகன், பணம், காசு என்று எண்ணிக்கொண்டிருந்த சென்னை ராஜதானியில் வெள்ளி ரூபாயே இனி அடிப்படை என்று கவர்னர் அரசு அறிவித்தது அந்த ஜனவரியில்தான். நூறு வராகனுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். ‘கணக்கே மாறிய வருஷத்துக் காசு சார்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நானே ஒன்று வாங்கியிருப்பேன். சரித்திரம் படிக்காமல் போலி அடிப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சோதனை எதுவும் செய்யாதீர்கள். ஆனாலும் செய்யாமல் தவிர்க்க வேண்டியவை எவை என்று தெரிந்திருக்க வேண்டுமே. காந்தம் கொண்டுபோகாதீர்கள், வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் உங்கள் காசு ஒட்டிவிடக்கூடும். நகைக்கடைத் தராசுப் பக்கம் போகாதீர்கள். 1835இலிருந்து கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே அளவாக அடித்த ரூபாய் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாட்டு மருந்துக்காரர்கள் ஒரு ரூபாய் எடை என்று சொன்னது இதைத்தான். அந்த எடையை எட்டிப்பிடிக்கப் போலிக்காசு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்காதீர்கள். அச்சில் அடித்த எழுத்து விளிம்பு கூராக நிற்கும், வார்த்த எழுத்து சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி இருக்கும். ஓரத்தில் அரம் தேய்த்த தடம் தெரிந்தால் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள். முகர்ந்தும் பார்க்காதீர்கள், தைல வாசனை வரும்.

இனிதான் முக்கியமான விஷயம், கதை. காசு வாங்குகிறவர் வாங்குவது உலோகத்தை அல்ல, கூடவே வரும் கதையை. அதனால் கதையைப் பேரம் பேசி வாங்குங்கள். என் காதில் விழுந்த மாதிரி ஒன்று:

“சார், குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் சார், தொரை பங்களா. இடிக்கும்போது செவுத்துக்குள்ள பானையில இருந்துச்சு. நம்ம மாமாதான் மேஸ்திரி.”

“எந்த எஸ்டேட்டுப்பா?”

“பேரு சொல்லக் கூடாது சார். கேஸ் ஆயிரும். உங்களுக்குன்னா ரெண்டாயிரம்.”

கவனியுங்கள், எவ்வளவு சுமாரான கதை. துரைக்குப் பெயர் இல்லை, பானைக்கு வருஷம் இல்லை, மாமாவுக்கு முகம் இல்லை. ரெண்டாயிரம் ரூபாய்க்கு இதுதானா? போலிக்காசுக் கதையில் உலகத் தரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நீங்கள் ஒரு நடை அமெரிக்கா போய்வர வேண்டும்.

அங்கே பிலடெல்பியாவில் ஜோசப் மிக்லி என்று ஒருவர் இருந்தார். பியானோ செய்கிறவர், வயலின் பழுது பார்க்கிறவர். பிறந்தது 1799. தான் பிறந்த வருஷம் போட்ட ஒரு செண்ட் காசு வேண்டும் என்று தேட ஆரம்பித்தார். அந்த வருஷத்துச் செண்ட் லேசில் கிடைக்காத காசு என்பது அவருக்குத் தெரியாது. தேடித்தேடி அந்த நாட்டின் பெரிய சேகரிப்பாளர்களில் ஒருவராகிவிட்டார். 1867இல் அவர் வீட்டில் பெரிய திருட்டு நடக்கிற அளவுக்குக் காசு சேர்ந்துவிட்டது. அந்த ஊர் அரசு நாணயச்சாலை தேய்ந்த பழைய அச்சுகளைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் உடையதாக இருந்தது. துருப்பிடித்த அச்சுகள் தனியார் கைக்கு வந்தன. 1804ஆம் வருஷத்துச் செண்ட் அரிதாக இருந்தது, சேகரிப்பாளர்களின் பெட்டியில் அந்த ஒரு குழி மட்டும் காலியாகக் கிடந்தது. சரி என்று 1803 அச்சில் கடைசி எண்ணை நான்காகத் திருத்தி, பின்பக்கத்துக்கு 1820ஆம் வருஷத்து அச்சை ஜோடி சேர்த்து, 1860 வாக்கில் யாரோ அடித்துவிட்டார்கள். அறுபது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, முதுகோ தம்பியின் முதுகு. 1823 செண்டுக்கும் இதே சிகிச்சை நடந்தது, அதற்குப் பின்பக்கம் 1813. 1811 அரைச் செண்டை 1802 பின்பக்கத்தோடு ஒரு டஜன் மட்டும் அடித்தவர் மிக்லியேதான் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1878இல் அவர் காலமான பிறகு அவருடைய சாமான்களில் அச்சுகள் கிடக்கக் கண்டு அரசாங்கம் கைப்பற்றியது.

இப்போது அந்தக் காசுகளின் நிலை என்ன தெரியுமா? எல்லாருக்கும் அவை எப்படிப் பிறந்தன என்று தெரியும். மறு அச்சு என்று சொல்லியே ஏலம் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. துருவின் பள்ளங்கள் காசின் மேல் மேடாக விழுந்திருப்பதைக் காட்டிக் காட்டி விற்கிறார்கள். 1804 வெள்ளி டாலர் கதை இதற்கும் மேல்: காசில் 1804 என்றிருந்தாலும் முதல்முதலாக அடித்தது 1834இல், அரசாங்கமே அடித்தது, மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் ராஜாவுக்கும் கொடுத்தனுப்ப. எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் கொண்டுபோனார். மஸ்கட்டுக்குப் போனதாகக் கருதப்படும் அந்த ஒற்றைக் காசு 2021இல் 76 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. வருஷம் பொய், விலை நிஜம். பொய் சொன்னவர் யார், எப்போது, யாருக்காக என்று முழு விலாசம் தெரிந்த பொய் அது. உங்கள் துணிவிரிப்புக் கடையில் குறைவது இந்த விலாசம்தான்.

நம் ஊரில் இப்படி எதுவும் இல்லையா என்று தாழ்வாக நினைக்க வேண்டாம். கல்கத்தா, பம்பாய் அரசு நாணயச்சாலைகளே பழைய அச்சுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, கேட்ட சேகரிப்பாளர்களுக்கு மறுபடி அடித்துக் கொடுத்துவந்தன, 1970இல்தான் நிறுத்தினார்கள். வில்லியம் மன்னர் தலைபோட்ட காசு நேரு காலத்தில் பிறந்திருக்கலாம். அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது, என் அபிமானம் அதன்மேல்தான். இரண்டாம் ஆலம்கீர் என்ற டெல்லி பாதுஷா 1759இல் கொலையுண்டார். அவர் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற வருஷமும் போட்ட ஆற்காட்டு ரூபாயைச் சென்னையில் கம்பெனி அடித்துக்கொண்டே இருந்தது. எதுவரை? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகள் வரை. பாதுஷா செத்து எழுபது வருஷம், ஆனால் சென்னைத் தங்கசாலையில் அவர் ஆட்சியின் ஆறாம் ஆண்டு முடியவே இல்லை. எந்திரத்தில் அடித்த அழகான வெள்ளி, செத்துப்போனவர் பெயர், பொய் வருஷம். ஜனங்களுக்கு அந்த முகவரி பழகியிருந்தது, சராப்புகள் வட்டம் பிடிக்காமல் வாங்கினார்கள், அதனால் மாற்றவில்லை. கம்பெனிக் காசில் வருஷத்தை நம்பக் கூடாது என்று கம்பெனியே கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்த மரபில் வந்தவர்தான் நடைபாதைக்காரர்; பாவம், வெள்ளி போடவில்லை என்பது ஒன்றுதான் குறை.

இன்னொரு நல்ல கதையும் வீணாகக் கிடக்கிறது. எஸ்டேட், துரை, கூலி என்றுதான் கதை கட்ட வேண்டுமென்றால், இலங்கைப் பக்கம் போகலாமே. அங்கே காப்பிக் காலத்தில், சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்புக் காப்பி மில்கள் தங்கள் பெயர் பொறித்த வில்லைகளைச் சொந்தமாக அடித்துக் கொட்டை பொறுக்கும் பெண்களுக்குக் கூலிக்கணக்காகக் கொடுத்தன. வேகந்தை மில் என்று பெயர் போட்ட வில்லைகூட உண்டு. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை! ‘எங்க பாட்டி முந்தானையில முடிஞ்சு கப்பல்ல கொண்டுவந்தது’ என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? இதை இலவசமாகவே சொல்லித்தருகிறேன், போலி அடிப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். குறைந்தபட்சம் கேட்கிறவர் ஏதாவது தெரிந்துகொண்டு போவார்.

பேரம் படியவில்லை என்றால் கடைசி அஸ்திரம். குரலைத் தாழ்த்தி, “செவுத்துக்குள்ள இருந்து எடுத்ததுன்னு சொன்னீங்களே அண்ணா, கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தாச்சா?” என்று கேளுங்கள். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான பொருளை வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும். இதைக் கேட்டதும் ரெண்டாயிரம் எண்ணூறாகும். “சார், நெசத்தச் சொல்லிடறேன், இது டூப்ளிகேட்தான்” என்பது வந்தால் இருநூறு ஆகும். சட்டப்படி பார்த்தால் அந்தக் காசு போலியாக இருப்பதுதான் உங்கள் இருவருக்கும் பாதுகாப்பு. இப்படி ஒரு நிம்மதியை எந்த அசல் காசும் தராது.

இருநூறுக்கு வாங்கிய பிறகு அதை வீட்டில் வைத்து ஒன்றும் செய்யாமல் இருப்பது நல்லது. ஏனென்றால் அடுத்த படி அரிசி. அனுமார் காசு அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது, விண்வெளிக்காரர்கள் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று ஒரு கூட்டம் தமிழ்நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரைஸ் புல்லிங் என்று பெயர். அரிசியில் இரும்புத்தூளும் காசுக்கடியில் காந்தமும் இருந்தால் எந்த அரிசியும் ஓடிவரும். சோதனைக் கட்டணம், கண்ணாடிப் பெட்டி வாடகை, விஞ்ஞானிக்கு விமான டிக்கெட் என்று அவர்கள் வாங்கிக்கொண்டே போவார்கள். நடைபாதைக்காரர் இருநூறோடு விட்ட மகான். அதேபோல, உங்கள் பழைய காசுக்கு லட்சங்கள் தருகிறோம், முன்பணமாகக் கொஞ்சம் கட்டுங்கள் என்று போனில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது வந்தால், அந்த வங்கி 2021இலேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது: தாங்கள் அப்படிப்பட்ட வியாபாரத்தில் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை.

கடைசியாக, இவ்வளவும் படித்துவிட்டு அசல் கம்பெனிக் காசு ஒன்றை வாங்கித்தான் பார்ப்போமே என்று புத்தி போனால், கீழே கோயம்புத்தூரில் நாணயக் கண்காட்சி நடக்கிற சமயம் பார்த்து இறங்குங்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்களுக்கு 1808 போட்ட ஒரு செம்புக் காசை எடுத்துக் காட்டுவார். பத்துக் காசு மதிப்பு, பர்மிங்காம் பக்கம் ஸோஹோ ஆலையில் சென்னைக்கென்று அடித்தது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், அதன் இருபுறமும் சிங்கம். மறுபக்கம் பாரசீக எழுத்து. இதே காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரிப் புயலில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் கடலுக்கடியிலிருந்து வாரி எடுத்தார்கள். நம் தாத்தாவுக்குத் தாத்தா கைக்கு வரவேண்டிய சில்லறை, இருநூறு வருஷம் தாமதம். இவ்வளவு கதையும் இலவசம், காசின் விலையோ ஊட்டியில் முதலில் கேட்ட விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அவர் அத்தோடு நிற்காமல், கையுறை போட்டுக்கொண்டு, கோபுரமும் திருமாலும் போட்ட வெள்ளி அரை வராகனையும் எடுத்து வைப்பார். அது விலை கூடத்தான்.

நீங்கள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். எடை சரி, எழுத்து கூர், ஓரம் சுத்தம், கதை பிரமாதம். ஆனாலும் மனசு ஒப்பாது. “இதெல்லாம் சரிங்க. அனுமார் போட்டது இல்லீங்களா?” என்று கேட்பீர்கள்.

அவர் ஒரு பெருமூச்சோடு மேஜைக்கடியில் இருக்கிற சாக்குப்பையை இழுப்பார்.

“இருக்குங்க. எந்த வருசம் போட்டு வேணும்?”